தமிழ் சினிமாவின் முதல் ஹீரோயின்... அவர் படம் எங்கே? யார் இந்த டி.பி.ராஜலட்சுமி?

சேக்காட்டில் இருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற பலரும் ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்குகிறார்கள். ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது வால்டாக்ஸ் ரோடு. 1931-ல் இந்த ரோட்டில் ஓர் ஊர்வலம் போனது. சாமி ஊர்வலம் இல்லை. பம்பாயிலிருந்து ரயிலில் வந்திறங்கிய ரீல் பெட்டி! பூ தூவி, தேங்காய் உடைத்து, ‘கினிமா சென்ட்ரல்’ தியேட்டர் வரைக்கும் ஜனங்கள் கூடவே போனார்களாம்.

பெட்டிக்குள் இருந்த படம் ‘காளிதாஸ்’. அக்டோபர் 31-ல் ரிலீஸானது. தமிழ் ஒலித்த முதல் பேசும்படம். நாயகி, டி.பி.ராஜலட்சுமி.

யார் இவர்?

1911-ல் திருவையாறில் பிறந்தவர். சின்ன வயசிலேயே செய்துவைத்த கல்யாணம் நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துவிட, பிழைப்புக்காக நாடக மேடை ஏறினார். பெண்கள் மேடை ஏறினாலே ஊர் தப்பாகப் பேசிய காலம் அது.

‘காளிதாஸ்’ முழுத் தமிழ்ப் படமா?

இல்லை. ஹீரோ பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசுவார். ராஜலட்சுமி தமிழில் பேசுவார். ஜனங்களுக்கு அது பிரச்னையே இல்லை. திரையில் ஆள் பேசுவதே அதிசயமாச்சே! காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டைக்கும் ஒரு பாட்டு இருந்தது.

அப்புறம் என்ன செய்தார்?

1933-ல் ‘வள்ளி திருமணம்’ பெரிய ஹிட். 1936-ல் ‘மிஸ் கமலா’. கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார். அப்போது வயசு 25-தான்!

பிறகு ஏன் மறந்துபோனோம்?

மறுபடி பார்க்க படம் இல்லை, அதான். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டுக்குமே இன்று பிரதி கிடையாது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும்; வெக்கையில் தானாகவே மக்கிப்போகும். ஓடி முடிந்த படங்களின் ஃபிலிமில் இருந்த வெள்ளிக்காக, அவற்றைக் கரைத்து விற்றதும் உண்டு.

பிரான்சில் இதே மாதிரி நடித்து, படமும் இயக்கியவர் மூசிடோரா. 1915-ல் வெளிவரத் தொடங்கிய அவரது ‘லே வாம்பீர்’ தொடரை இன்றைக்கும் போனிலேயே பார்க்கலாம். காரணம், அதன் பிரதிகள் பிழைத்துக் கிடந்தன. இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேவில் தொடங்கியது 1964-ல். ராஜலட்சுமி இறந்ததும் அதே 1964-ல்தான். ‘காளிதாஸ்’ வந்து அதற்குள் 33 வருஷம் ஓடிவிட்டது.

ஆக, மிஞ்சியது காகிதம்தான்: சில போட்டோக்கள், விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள். தாத்தா வீட்டுப் பரணில் அந்தக் காலத்து சினிமா பாட்டுப் புத்தகம் எதுவும் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.