ரசிகர் வாக்கும் தகுதியும்: பேஸ்பால் 'ஆல் ஸ்டார்' தேர்வை வைத்து ஒரு விவாதக் கட்டுரைப் பயிற்சி



என் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி, பள்ளி சாப்ட்பால் குழுவின் கேட்சர். 'சிறந்த விளையாட்டாளர்' விருதை மாணவர் வாக்கெடுப்பில் இழந்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் கேட்டாள்: "டீச்சர், ஓட்டுப் போட்டா தகுதி உள்ளவங்க வருவாங்களா, இல்ல கூட்டாளி அதிகம் உள்ளவங்க வருவாங்களா?"

அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியையே விவாதக் கட்டுரைத் தலைப்பாக்கினோம். சான்றுக்கு அமெரிக்க பேஸ்பாலை எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் அங்கே இதே சண்டை பல தலைமுறைகளாக நடக்கிறது.

முதலில், இந்த ஆட்டம் என்ன?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு பிரிவுகள் உண்டு: அமெரிக்க லீக், தேசிய லீக். ஆண்டுதோறும் பருவத்தின் நடுவில், ஜூலை மாதத்தில், இரு பிரிவுகளின் சிறந்த விளையாட்டாளர்களும் மோதுவார்கள். முதல் ஆட்டம் 1933இல் சிகாகோவில் நடந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் விளையாட்டாளர்களை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பந்து எறிபவர்கள் மட்டும் ரசிகர் வாக்கில் வருவதில்லை.

'வெறும் கேளிக்கைதானே' என்று நினைக்கவேண்டாம். 2003 முதல் 2016 வரை, இந்த ஆட்டத்தில் வென்ற லீக்கின் வெற்றியாளர் குழுவுக்குத்தான் உலகத் தொடரில் சொந்தத் திடல் அனுகூலம் கிடைத்தது.

ரசிகர் தேர்வை எதிர்ப்போரின் சான்றுகள்

1957இல் சின்சினாட்டி நகர நாளிதழ் வாக்குச்சீட்டுகளை அச்சிட்டு வாசகர்களுக்கு வழங்கியது. வாக்குகள் குவிந்தன. தேசிய லீக்கின் எட்டு இடங்களில் ஏழு இடங்கள் சின்சினாட்டி ரெட்ஸ் குழுவுக்கே போயின! ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக் தலையிட்டு இருவரை நீக்கி, வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் சேர்த்தார். மறு ஆண்டிலிருந்து ரசிகர்களின் வாக்குரிமையே பறிபோனது. 1970இல்தான் அது திரும்பக் கிடைத்தது.

2015இல் வாக்கெடுப்பு முழுக்க இணையத்துக்கு மாறியது. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 35 வாக்குகள்! ஒரு கட்டத்தில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் குழுவினர் எட்டு இடங்களில் முன்னணியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓமர் இன்ஃபான்டே. அந்தப் பருவத்தில் அவர் மட்டையாட்டம் மிகவும் மோசம். லீக் நிர்வாகம் கோடிக்கணக்கான வாக்குகளை ரத்து செய்தது.

ஆதரிப்போரின் சான்றுகள்

அதே 2015இன் இறுதி முடிவைப் பாருங்கள். இன்ஃபான்டேயை முந்திக்கொண்டு ஹோசே அல்டூவே வந்தார். ராயல்ஸ் குழுவுக்கு நான்கு இடங்களே கிடைத்தன. அந்த நால்வரில் ஒருவரான லோரென்சோ கெய்ன், பருவ இறுதியில் அமெரிக்க லீக்கின் மதிப்புமிக்க விளையாட்டாளர் தேர்வில் மூன்றாம் இடம் பிடித்தவர். கூட்டமாக ஓட்டுப் போட்டாலும், போட்டது எல்லாமே தப்பான ஆளுக்கு இல்லை, பார்த்தீர்களா?

2001இல் இச்சிரோ அமெரிக்காவில் ஆடிய முதல் பருவம். ஜப்பான் ரசிகர்களும் வாக்களிக்க, அவரே அதிக வாக்கு பெற்றார். 'நாட்டுப்பற்று ஓட்டு' என்று சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு அமெரிக்க லீக்கின் மதிப்புமிக்க விளையாட்டாளர் விருதும் அவருக்குத்தான்.

நடுவில் நிற்கும் ஒருவர்

அதே 2001இல், 40 வயது கால் ரிப்கனையும் ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடியவர். ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்தார். அந்தப் பருவத்தில் அவர் ஆட்டம் சுமார்தான். ஆனால் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தார்!

மாணவர்களே, 'ஹோம் ரன் அடித்ததால் தேர்வு சரி' என்று எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு அடி சான்றாகாது. சரியான கேள்வி இதுதான்: தகுதி என்றால் என்ன? இந்த மூன்று மாத ஆட்டமா, இருபது ஆண்டு உழைப்பா? முதல் பொருளில் ரிப்கன் தகுதியற்றவர். இரண்டாம் பொருளில் அவரை விட்டால் யார்? முன்னுரையிலேயே இந்தச் சொல்லை வரையறுக்காதவர், உடலில் தடுமாறுவார். என் மாணவர்கள் பலர் அங்கேதான் புள்ளிகளை இழந்தார்கள்.

என் முடிவு

மேலுள்ள சான்றுகளில் ரசிகர்களின் அறியாமையைவிட விதிகளின் ஓட்டையே பெரிதாகத் தெரிகிறது. ஒருவரே 35 முறை வாக்களிக்க முடிந்தால், வெல்வது தகுதியோ அன்போ அல்ல, விடாமுயற்சிதான். 2019 முதல் வாக்கெடுப்பு இரு சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்று வாக்குகள் இரண்டாம் சுற்றில் சேர்வதில்லை. நோயறிந்து கொடுத்த மருந்து இது.

அந்த மாணவி கட்டுரையை இப்படி முடித்திருந்தாள்: 'வாக்காளரைக் குறை சொல்வதற்கு முன், வாக்குமுறையைச் சரி செய்வோம்.' வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். அடுத்த ஆண்டு விருதுக்கு ஒருவருக்கு ஒரே வாக்கு, பயிற்றுநர் மதிப்பீடும் சேர வேண்டும் என்று எங்கள் விளையாட்டுச் செயற்குழுவிடம் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சி: 'பொதுமக்கள் வாக்கு, திறமைக்கு நியாயம் செய்யும்.' இக்கூற்றை ஆதரித்தோ எதிர்த்தோ கட்டுரை எழுதுக. 'திறமை', 'நியாயம்' ஆகிய இரு சொற்களையும் முன்னுரையில் வரையறுக்க மறவாதீர்.