எச்சில் அன்று, சளியே வேண்டும்

சளிப் பரிசோதனைக்கெனக் குப்பியைக் கொடுத்ததும் பலர் கூச்சப்படுகின்றனர். சிலர் வாயில் ஊறிய எச்சிலையே நிரப்பித் தந்துவிடுகின்றனர். எச்சிலில் இருப்பவை பெரும்பாலும் வாயில் வாழும் கிருமிகளே. நுரையீரலில் உள்ள காசநோய்க் கிருமி அதில் தென்படாமல் போகலாம். நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் பரவக்கூடும்.

நாங்கள் வேண்டுவது நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளி. காலையில் எழுந்ததும், எதுவும் உண்ணுமுன், வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். திறந்தவெளியில், பிறரிடமிருந்து விலகி நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டபின் வலுவாக இருமுங்கள். 2 மில்லிலிட்டருக்குக் குறையாமல் சேகரித்து, மூடியை இறுக மூடி, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

சளியின் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தைக் கொண்டு மட்டும் கிருமி எதுவென்று கூற இயலாது. சிபிநாட் என்னும் மரபணுச் சோதனையோ ஏறத்தாழ 2 மணி நேரத்தில் காசநோய்க் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். நிமோனியா போன்ற பிற தொற்றுகளில் சளியிலுள்ள கிருமியை வளர்த்து ஆராய்ந்து உரிய மருந்தைத் தேர்கிறோம். அதனால்தான், இயன்றவரை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குமுன்பே சளியைக் கேட்கிறோம்.

இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ சளியில் இரத்தம் கலந்து வந்தாலோ காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனைக்கும் மருந்துகளுக்கும் கட்டணம் இல்லை. சளி வரவில்லையெனில் எச்சிலைத் தராமல் எங்களிடம் சொல்லுங்கள். உப்புநீர்ப் புகையைச் சுவாசிக்கச் செய்து சளியை வரவழைக்க வழி உண்டு.