நகரம் உங்கள் வயல் பக்கம் வருகிறதா? செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம்

பக்கத்து வயலில் மனைக்கல் நட்ட பிறகுதான் நகரம் வந்துவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது. வானிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது முன்பே தெரிந்துவிடுகிறது.

1972 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் நிலத்தைப் படம் எடுத்து வருகின்றன. இப்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாட்களுக்கு ஒருமுறை எடுக்கின்றன. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். பசுமையான பயிர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். கட்டடமும் தார்ச்சாலையும் அப்படி அனுப்பாது. இதை வைத்து எது வயல், எது வீடு என்று கணினி பிரிக்கிறது.

அடுத்தடுத்த ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, சாலையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் வயல் வீடாக மாறியது என்று கணக்கிடுவார்கள். அதே போக்கில் இனி எந்தப் பக்கம் மாறும் என்ற கணிப்பு கிடைக்கும். புதிதாக ஒரு புறவழிச்சாலை வந்தால் கணிப்பு மாறிவிடும். ஜோசியம் அல்ல, சாத்தியக்கூறுதான்.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் வயல், படத்தில் கட்டடப் பகுதி போலவே தெரியலாம். தை மாதப் படத்தையும் சேர்த்துப் பார்க்காமல் வரைபடம் போட்டால், விளையும் நிலம் தரிசாகவோ மனையாகவோ பதிவாகிவிடும்.

சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏராளமான கிராமங்கள் இதற்குள் வந்துவிட்டன. இப்படிப்பட்ட பகுதிகளுக்கு முழுமைத் திட்டம் தயாராகும்போது, உங்கள் சர்வே எண் விவசாய மண்டலமா, குடியிருப்பு மண்டலமா என்பது அதில் முடிவாகும். வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்ல அவகாசம் தருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

கணினியில் கூகுள் எர்த் திறந்தால் உங்கள் ஊரின் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். முதலில் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயைப் பாருங்கள். மனைப்பிரிவு அதன் மேல் ஏறியிருந்தால், படத்தை ஆண்டோடு அச்செடுத்து வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். எல்லைக்கு இந்தப் படம் ஆதாரம் ஆகாது. அதற்குப் புல வரைபடமும் சர்வேயர் அளவையும்தான். நிலம் தவறாகத் தரிசு என்று காட்டப்பட்டிருந்தால், ஆட்சேபணை மனுவோடு பட்டாவையும் சாகுபடி பதிவான அடங்கல் நகலையும் இணையுங்கள்.