நித்திரையும் சுதேச வைத்தியமும்

பொதுக் காரியங்களில் இறங்கியுள்ள நண்பர்கள் பலரை நாம் அன்றாடம் சந்தித்து வருகிறோம். அவர்களிற் பெரும்பாலோருடைய முறையீடு ஒன்றே. இரவில் உறக்கம் வருவதில்லை. வந்தாலும் இரண்டாம் ஜாமத்திலேயே கலைந்து விடுகிறது. காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள். நள்ளிரவு வரையில் கூட்டம், அதன்மேல் காப்பி, அதற்கும் மேல் நாளை என்ன நேருமோ என்ற கவலை. இவ்வளவும் சேர்ந்தால் நித்திரா தேவி எப்படி அணுகுவாள்? சிலர் தூக்க மாத்திரையை நாடுகிறார்கள். வேறு சிலர் விளம்பரத்தைக் கண்டு ஏதோ ஒரு லேகியத்தை வரவழைக்கிறார்கள். ஆயுர்வேதம் இவ்விஷயத்தில் உண்மையாகவே என்ன சொல்லுகிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

சரக சம்ஹிதை ஆகாரம், நித்திரை, பிரம்மசரியம் என்னும் மூன்றையும் தேகத்தைத் தாங்கும் தூண்களாக வகுத்திருக்கிறது. பயம், சிந்தை, கோபம், பட்டினி, வசதியற்ற படுக்கை ஆகியவை உறக்கத்தைக் கெடுக்கும் என்று அது எண்ணிக் கூறுகிறது. பரிகாரமாகச் சொல்லப்படுபவை எண்ணெய் தேய்த்தல், ஸ்நானம், கைகால் பிடித்துவிடுதல், தயிர்ச் சோறு, பால், நெய், மனத்துக்கு உகந்த வாசனை, இனிய ஓசை முதலியன. மாமிச ரசமும் மதுவுங்கூட அந்த ஜாபிதாவில் உண்டு. மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்த நாம் அதை மறைக்க விரும்பவில்லை, பின்பற்றும்படி சொல்லவுமில்லை. மது உறக்கத்தை வரவழைப்பது போலக் காட்டிப் பின்னிரவில் கலைத்து விடும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட விஷயம்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பரிகாரங்களில் மருந்துச் சரக்கு என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. நித்திய வாழ்க்கையின் ஒழுங்கே சிகிச்சையாகிறது. தீய விஷயங்களினின்று மனத்தை மீட்பதை ‘சத்வாவஜயம்’ என்று பெயரிட்டுத் தனிச் சிகிச்சையாகவே சரகம் கூறுகிறது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாகப் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் பயிற்சியைக் கொடுக்க வேண்டுமென்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் வருஷத்தில் சிபாரிசு செய்தது. சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தைப் பத்தாம்பசலி வழக்கமென்று கைவிட்ட நம்மவர்களுக்கு இது சற்றே சிந்திக்கத்தக்கது.

இனி மூலிகைக்கு வருவோம். சர்ப்பகந்தியின் சரித்திரத்தை நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். பீகார் கிராமவாசிகள் அதைப் பைத்தியத்துக்கு மருந்தென்றே அழைத்து வந்தனர். 1931ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், சித்தப் பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை எழுதி வெளியிட்டனர். அதே வருஷத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் ஸித்திக்கி அவ்வேரின் சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகமாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் சஞ்சிகை ஒன்றில் அதைப்பற்றி எழுதிய பிறகே மேனாடு விழித்துக் கொண்டது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் அவ்வேரிலிருந்து ரெஸர்பைன் என்னும் சத்தை எடுத்தனர்.

இதைக் கேட்டவுடன் நம் மார்பு விம்முகிறது. ஆனால் வக்கீல் தொழிலில் பழகிய நாம் எதிர்த்தரப்புச் சாட்சியத்தையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அம்மருந்தை உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு கண்டதாக வைத்தியர்கள் எழுதினார்கள். நாளடைவில் அதைவிடப் பத்திரமான மருந்துகள் வந்தன; இன்று அதன் உபயோகம் அருகிவிட்டது. வேரில் வீரியம் இருந்தது மெய். அந்த வீரியத்தாலேயே அபாயமும் இருந்தது. ஆகவே இரத்த அழுத்தத்துக்கு வேறு மருந்து சாப்பிடுவோர் வைத்தியரைக் கேளாமல் சர்ப்பகந்தியைத் தொடலாகாது. அமுக்கராக் கிழங்கின் விஷயமும் இத்தகையதே. உறக்கத்துக்கும் மனக் கவலைக்கும் அது ஓரளவு உதவுவதாகச் சில சிறு பரிசோதனைகள் தெரிவிக்கின்றன. ஈரலுக்குக் கேடு விளைந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ‘மூலிகைதானே, என்ன செய்யும்’ என்பது அறியாமை.

1925ஆம் வருஷம் கல்கத்தாவில் ஓர் ஆயுர்வேத வித்தியாலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியபோது, வைத்தியர்களிடம் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லையென்று காந்தியடிகள் வெளிப்படையாகக் கண்டித்தார். வைத்தியர் பலருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. சுதேசி என்பதற்காக எதையும் புகழ்ந்துவிட அவர் ஒப்பவில்லை.

இவ்விடத்தில் நம்மையும் நாமே குறுக்கு விசாரணை செய்துகொள்வது நியாயம். நரம்புத் தளர்ச்சி, பைத்தியம், இரத்த அழுத்தம் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தின் வாசகத்துக்குள் அகப்படாமல் ‘மூளைக்குக் குளிர்ச்சி’, ‘மனத்துக்கு நிம்மதி’ என்று எழுதி வரும் விளம்பரங்கள் நமது மேஜைக்கும் வருகின்றன. காகிதத்துக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருந்தது. அவற்றை நாம் பிரசுரித்து வந்தோம். அதே தாளின் இந்தப் பக்கத்தில் ஆராய்ச்சி வேண்டுமென்று எழுதிக்கொண்டு, அடுத்த பக்கத்தில் அவற்றுக்கு இடம் கொடுப்பது இனி இயலாது. சரக்கு இன்னது, அளவு இன்னது, யார் உட்கொள்ளலாகாது என்ற விவரமில்லாத எந்த ஔஷத விளம்பரமும் வருகிற முதல் தேதி தொடங்கி இப்பத்திரிகையில் வெளிவராது. முன்பணம் கட்டியிருப்போர் தங்கள் தொகையைக் காரியாலயத்திலிருந்து திரும்பப் பெற்றுக் கொள்ளலாம்.