வியாபாரி சொல்ற விலை வேண்டாம்னு சொல்லலாமா? நெல் விற்கும் முன் போட வேண்டிய கணக்கு

லாஸ்பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். நம்மில் பலர் அதற்குள் போனதே இல்லை. நகராட்சியின் பெயர் உழவர்கரை, ஆனால் லாஸ்பேட்டையில் உழவு நடந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி. கிராமத்திலிருந்து நெல் மூட்டையோடு வருகிற விவசாயிக்கோ, நாலு மாத உழைப்புக்கு அந்த ஒரு நாளில்தான் விலை முடிவாகும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொதுவாக மறைமுக ஏலம். நெல்லைப் பார்த்து வியாபாரிகள் தனித்தனியாக விலை குறிப்பார்கள், அதில் அதிகமான விலை விவசாயிக்குச் சொல்லப்படும். பிடிக்கலைன்னா 'கொடுக்கல'ன்னு சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் எந்த விலைக்குக் கீழே போனால் நஷ்டம் என்று தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வராது.

ஆதார விலையை வைத்து முடிவெடுக்கலாமா?

2025-26 பருவத்துக்கு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், 'ஏ' கிரேடுக்கு 2,389. சில இடங்களில் 75 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசுவார்கள். அப்படிப் பார்த்தால் 2,369 என்பது மூட்டைக்கு சுமார் 1,777 ரூபாய். இந்த மாற்றுக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவது நல்லது. ஏலக் களத்தில் நின்றுகொண்டு போட்டால் தப்பாகும்.

ஆனால் தனியார் வியாபாரி இந்த விலைக்குத்தான் வாங்கணும்னு சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. இன்னொரு விஷயம், இந்த விலைக்கு அடிப்படையான உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். கைக்காசுச் செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் சேர்ந்த தொகை அது. அதோடு 50 சதவீதம் சேர்த்தால் 2,369 வரும். 1,579 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. உங்க வயலின் கணக்கு இல்லை.

உங்க கணக்கு எப்படி வரும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கரில் உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுவடை மெஷின் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் செலவு. வீட்டு ஆட்களின் வேலைக்கு வெளியாள் கூலி போட்டால் 6,000. விளைச்சல் 22 குவிண்டால். சொந்த நிலம் என்றால் அடக்கம் குவிண்டாலுக்கு சுமார் 1,636 ரூபாய்.

அதே வயல் குத்தகை நிலம், குத்தகை 12,000 என்றால்? வீட்டு உழைப்பைச் சேர்க்காமலேயே கைவிட்ட காசு 42,000. அடக்கம் குவிண்டாலுக்கு 1,909. வீட்டு உழைப்பையும் சேர்த்தால் 2,182.

இப்போது வியாபாரி 1,900 கேட்கிறார். நிலக்காரருக்கு எல்லாம் போக 5,800 ரூபாய் நிற்கும். குத்தகைக்காரருக்குப் போட்ட காசே திரும்பாது. ஒரே ஏலம், ஒரே விலை. பக்கத்து வயல்காரர் கொடுத்துட்டாரேன்னு நாமும் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று இதில் தெரியும்.

காயவைத்து விற்பது லாபமா?

அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் அறுத்த நெல் 22 சதவீதத்தில் இருந்தால், 100 கிலோவைக் காயவைக்கும்போது சுமார் 94 கிலோதான் மிஞ்சும். ஈர நெல்லுக்கு 1,900 கிடைக்கிறது என்றால், காய்ந்த நெல்லுக்கு 2,021 கிடைத்தால்தான் சமம். களம், ஆள்கூலி, தார்ப்பாய் செலவு தனி. 'காயவச்சா நல்ல விலை'ன்னு எல்லாரும் சொல்றாங்க. 1,950க்கும் 1,900க்கும் நடுவில் என்றால் காயவைப்பது வீண் வேலை.

ரெண்டு மாசம் பொறுத்தால்?

இங்கே முடிவெடுப்பது நெல்லை விட கடன். வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் ரெண்டு மாதத்தில் நூற்றுக்கு நாலு ரூபாய் போகும். விற்றால் வரும் காசு முழுக்க கடனுக்குத்தான் என்றால், 1,900 ரூபாய் நெல் 1,976 ஆனால்தான் காத்திருந்ததற்கு நஷ்டமில்லை. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. அதாவது வருடத்துக்கே 4 சதவீதம். வெளி வட்டியில் ரெண்டு மாதத்துக்கு ஆவது இங்கே ஒரு வருடத்துக்கு!

விற்காமல் காசு புரட்ட இன்னொரு வழி, பொருளீட்டுக் கடன். தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் கடன் வாங்க முடியும். நம் உதாரணத்தின் 22 குவிண்டாலுக்கு, 1,900 விலையில் மதிப்பிட்டால் 31,350 ரூபாய் வரை. அறுவடைக் கூலியும் உரக்கடை பாக்கியும் அடைக்க இது போதும் என்றால், அன்றைக்கு விலையை மறுக்க முடியும். உங்க பகுதிக் கூடத்தில் இந்த வசதி உண்டா என்பதை அறுவடைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

குத்தகைக்காரருக்குத்தான் சிக்கல் இங்கேயும். விதிப்படி அவர்களும் கிசான் கிரெடிட் கார்டு வாங்கலாம். ஆனால் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது, வங்கியில் காட்ட காகிதம் இருக்காது. நாலைந்து குத்தகை விவசாயிகள் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகப் போனால், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று அடமானமில்லாமல் கடன் கேட்கலாம். அதை விதைப்புக்கு முன்னாடி செய்யணும். அறுவடை மெஷின் வயலில் இறங்கிய பிறகு போனால், அந்த வருடத்து நெல் ரெண்டு வட்டிக் கடனோடுதான் ஏலத்துக்கு வரும்.