மார்கழி மழைக்கு முன் பத்து நிமிடம்

தொடர்: சாலையும் நாமும் – 9

சென்ற வாரம் டயரையும் பிரேக்கையும் பார்த்தோம். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்த டயரோடு சாலையில் ஓடக் கூடாது. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் காருக்குள்ளே வருவோம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் பொத்தான்களும் திருகுகளும் எதற்கு இருக்கின்றன, மழையில் எதை எப்போது தொட வேண்டும் என்பதே பேச்சு.

சிங்கப்பூரில் பனி விழுவதில்லை. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி அளவில்தான். ஆனால் ஓட்டுநரைச் சோதிக்கும் பருவம் ஒன்று நமக்கும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகிறது. கிட்டத்தட்ட நம் மார்கழி. ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 2,100 மில்லிமீட்டர் என்றால், டிசம்பர் மட்டும் 330 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. தென்சீனக் கடலில் காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் சாங்கியில் பெய்தது 250 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே சுமார் 222 மில்லிமீட்டர்தான்.

அந்த மழையில் சிராங்கூன் சாலையை நினைத்துப் பாருங்கள். தேக்காவைத் தாண்டியதும் இருபுறமும் கடைகள், பொங்கலுக்கான விளக்கு அலங்காரம், ஈரச் சாலையில் அத்தனை வண்ணங்களின் பிரதிபலிப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் ஓய்வுநாளில் ஊர்க்காரர்களைப் பார்க்க வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். குடை பிடித்தவர், பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்தவர், மழைக்குப் பயந்து குறுக்கே ஓடுகிறவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். தைப்பூசம் நெருங்கினால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் பக்கம் கூட்டம் இன்னும் கூடும். அந்த இடத்தில் முன்கண்ணாடி மங்கிப்போய், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஓட்டுநர் குனிந்து தேடினால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடும். மழைக்குக் காரைத் தயார் செய்வதில் முதல் வேலை ஓட்டுநரின் பார்வையைக் காப்பது.

கண்ணாடி மங்குவதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் மங்கல் கூடும்.

முதல் வகை உள்பக்க மங்கல். நனைந்த சட்டையோடும் குடையோடும் நான்கு பேர் ஏறுகிறார்கள். அவர்கள் மூச்சிலும் துணியிலும் இருக்கும் ஈரம் காருக்குள் நிறைகிறது. மழைநீர் பட்டுக் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் அந்த ஈரம் படிகிறது. குளிராக இருக்கிறது என்று பலர் இந்த நேரத்தில்தான் ஏர்கானை அணைப்பார்கள். அதுதான் செய்யக் கூடாதது. ஏர்கான் காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அப்படிப் பிரிந்த ஈரம்தான். ஆகவே ஏர்கான் ஓட வேண்டும். குளிர் தாங்கவில்லை என்றால் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளுங்கள். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை, அதாவது கார்ப் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி உள்ள பொத்தானை, அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இரண்டாவது வகை வெளிப்பக்க மங்கல். இது நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் அதிகம். ஐஸ் போட்ட தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதே கதைதான். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டுக்கு மேல், நீடித்த மழையில் 100 விழுக்காடு வரை போகும். அந்தக் காற்று 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். ஏர்கானைக் கடைசி அளவுக்குக் குறைத்து, காற்றையும் முன்கண்ணாடி மேல் அடிக்கவிட்டால், கண்ணாடி அதற்கும் கீழே குளிர்ந்து வெளிப்புறம் பனி மூடியதுபோல் ஆகிவிடும். உள்ளே துணியால் எத்தனை முறை துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை போட்டால் போகும். ஆனால் கண்ணாடி குளிர்ந்தே இருந்தால் மீண்டும் வரும். காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, வெப்பநிலையை 25 டிகிரி அளவுக்கு ஏற்றினால் நிரந்தரமாகத் தீரும்.

எந்த வகை என்று தெரியவில்லையா? புறப்படும் முன்பே கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் உள் மங்கல். விழாவிட்டால் வெளி மங்கல்.

பின்கண்ணாடிக்குத் தனிப் பொத்தான் உண்டு. செவ்வகத்துக்குள் மேல்நோக்கி நெளியும் மூன்று அம்புகள் பின்கண்ணாடிக்கு. விசிறி போல விரிந்த வடிவத்துக்குள் அதே அம்புகள் முன்கண்ணாடிக்கு. பின்கண்ணாடியில் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய கோடுகள் மின்சாரத்தால் சூடாகி ஈரத்தை ஓட்டுகின்றன. பல கார்களில் அது சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். தேவைப்பட்டால் மறுபடி அழுத்த வேண்டும். வெயிலுக்கு ஒட்டிய பழைய ஃபிலிமைச் சுரண்டி எடுக்கும்போது இந்தக் கோடுகள் அறுந்துபோவது வழக்கம். ஆகவே அந்த வேலையை அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது கோடுகளின் திசையிலேயே துடையுங்கள்.

இன்னொன்று. வெயிலில் நிற்கும் காரின் உட்புற பிளாஸ்டிக்கிலிருந்து வெளிவரும் ஆவி, முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. ஈரம் அதில் எளிதாக ஒட்டும்; எதிரே வரும் விளக்கொளியும் அதில் சிதறும். மாதம் ஒருமுறையாவது உள்பக்கத்தையும் கண்ணாடித் திரவம் போட்டுத் துடைக்க வேண்டும்.

அடுத்து வைப்பர். இதை உலகுக்குத் தந்தது ஒரு குளிர்காலம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், பனிமழை பெய்த ஒரு நாளில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனார். ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு தடுமாறியதைப் பார்த்தவர், உள்ளிருந்தே இயக்கும் துடைப்பானை வடிவமைத்து 1903 நவம்பரில் காப்புரிமை பெற்றார். ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கண்ணாடியைத் துடைக்க வழி வேண்டும் என்ற அந்த நோக்கம் இன்றைக்கும் பொருந்தும். ஏனென்றால் இன்று பல புதிய கார்களில் வைப்பரும் ஏர்கானும் தொடுதிரைக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கின்றன. 2019இல் ஜெர்மனியில் ஓர் ஓட்டுநர் கனமழையில் தன் டெஸ்லா காரின் வைப்பர் வேகத்தைத் தொடுதிரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். கார்ல்ஸ்ருஹே உயர்நிலை நீதிமன்றம் 2020இல் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. காரோடு வந்த திரையாக இருந்தாலும் ஓட்டும்போது அதில் மூழ்குவது தவறு என்பதே தீர்ப்பின் சாரம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல், வைப்பர், சிக்னல் விளக்கு, ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டுணரும் கருவி இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஆக்கியிருக்கிறது. உங்கள் காரில் இவை திரைக்குள் இருந்தால், எத்தனை தட்டலில் கிடைக்கின்றன என்பதை நிறுத்திய நிலையிலேயே பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை விளக்கு போடுவது இங்கே சட்டம். மற்ற நேரத்துக்கு ‘ஆட்டோ’வில் விட்டுவிடுகிறோம். ஆட்டோ வைத்திருப்பதால் கவலையில்லை என்று நினைக்கிறோம். பல கார்களில் ஆட்டோ விளக்கின் உணரி வெளிச்சக் குறைவை மட்டுமே அறியும், மழையை அறியாது. பகல் மழையில் முன்னால் பகல் விளக்குகள் எரியும், பின்விளக்குகள் எரியாது. உங்கள் முன்னே எல்லாம் சரியாகத் தெரியும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். மழை வலுத்தால் திருகைக் கையால் திருப்பி முகப்பு விளக்கைப் போடுங்கள். ஓடும்போது நான்கு பக்கமும் மின்னும் அபாய விளக்கைப் போடாதீர்கள். தடம் மாறும் சிக்னல் அதில் மறைந்துவிடும். விரைவுச்சாலையில் குரூஸ் கண்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள். நீர்ப்படலத்தில் டயர் வழுக்கும்போது வேகம் உங்கள் காலின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் முன்னே தொழிலாளர்களை ஏற்றிய லாரி போனால் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். 2023 ஜனவரி முதல் அந்த லாரிகளுக்கு மழை உறை கட்டாயம் என்பதால் அவர்கள் நனைவது குறைந்திருக்கலாம்; ஆனால் பின்தட்டில் உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு சீட் பெல்ட் இல்லை. உங்கள் வைப்பரும் விளக்கும் பிரேக்கும் அவர்களுடைய உயிருக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளம் பற்றிச் சுருக்கமாக. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை, 2021 ஏப்ரலில் புக்கிட் தீமா, அதே ஆண்டு ஆகஸ்டில் பாசிர் ரிஸ் – தெம்பனிஸ் சந்திப்பு எனக் கார்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கியதை நாம் கண்டிருக்கிறோம். பொதுப் பயனீட்டுக் கழகம் டெலிகிராம் வழியாக வெள்ள எச்சரிக்கை அனுப்புகிறது; சேர்ந்துகொள்ளுங்கள். சாலையோர விளிம்புக்கல் தண்ணீரில் மறைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் முடுக்காதீர்கள். உள்ளே நீர் புகுந்திருந்தால் எஞ்சின் பாகங்களே வளைந்துவிடும்.

இதையெல்லாம் பழகியவருக்கு உண்மையான குளிர்காலமும் பாதி பழகியதுதான். டிசம்பர் விடுமுறையில் நம் குடும்பங்கள் பல ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய் வாடகைக் காரில் சுற்றுகின்றன. சிங்கப்பூர் வாகனமோட்டிகள் சங்கம் தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோடு அங்கே ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். பொத்தான் குறியீடுகளும் உலகெங்கும் ஒரே தரத்தில் இருப்பவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்கு சிக்னல் கம்பி இடக்கையில் பழகியிருக்கும். ஜப்பானியக் காரில் அது வலக்கையில். திருப்பத்தில் சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஆடும்.

ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் ஆண்டுக்குச் சுமார் 5 மீட்டர் பனி விழுகிறது. முன்பு அங்கே ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டி, கிளம்பிய தூசு நகரையே மூடியது. 1990இல் ஜப்பான் சட்டம் போட்டு அவற்றைக் கட்டுப்படுத்தியது. இப்போது வாடகைக் கார்கள் ஆணி இல்லாத, மென்மையான ரப்பர் கொண்ட பனி டயர்களோடு வருகின்றன. அதை நம்பி வேகம் எடுக்கக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் 9 மீட்டர் அளவில் நிற்கும் கார், வழுக்கும் பனிக்கட்டியில் 60 மீட்டர் வரை ஓடலாம்.

காலையில் புறப்படும் முன் கூரை, கண்ணாடி, விளக்குகளில் உள்ள பனியைத் தூரிகையால் தள்ளுங்கள். புகைபோக்கியைப் பனி மூடியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. பிறகு முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தி, வெப்பத்தை முழுதாக ஏற்றி, கண்ணாடி தெளியும்வரை காத்திருங்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது. கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய நீரும் உறையும். ஊட்டியின் உறைபனிக் காலைக்கும் இதே விதிதான். இரவில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். கியரை ‘பி’யில் வைத்து, சமதளத்தில் கைபிரேக்கை இழுக்காமல் விடுங்கள், அது உறைந்து இறுகிவிடக்கூடும். கண்ணாடி கழுவும் தொட்டியில் உறையாத திரவம் இருக்கிறதா என்று கார் எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

இந்த வார இறுதியில் வீவக பலமாடி நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தியபடியே பத்து நிமிடம் செலவிடுங்கள். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, உள்காற்று, வைப்பர் வேகம், முகப்பு விளக்கு ஆகிய ஐந்தையும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தேடிப் பிடிக்கும்வரை பழகுங்கள். வீட்டில் ஓட்டும் மற்றவர்களையும் உட்காரவைத்துப் பழக்குங்கள். எந்த ஊரானாலும், எவ்வளவு அவசரமானாலும், கண்ணாடி தெளியாமல் காரை நகர்த்தாதீர்கள்.

(அடுத்த வாரம்: ஜோகூர் கடந்து நெடும்பயணம்)