சாவியும் அத்தாட்சியும்: மின்னணுப் பணப்பை அமைக்கும் முறை

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்குத் தெற்கே உள்ள ஸ்ரீவராகம், லட்சுமி வராகர் ஆலயத்தாலும் அதன் அகன்ற திருக்குளத்தாலும் பெயர் பெற்றது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே பத்மநாபசுவாமி ஆலயம் இருக்கிறது. 2011-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வாலயத்தின் நிலவறைகள் திறக்கப்பட்டுப் பொருள்கள் கணக்கிடப்பட்டபோது உலகமே வியந்தது. விஞ்ஞான நோக்குடன் பார்ப்போர்க்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. நிலவறை எவ்வளவு உறுதியானதாயினும் அதற்குக் கதவு உண்டு. சாவி தவறினால் பூட்டைக் கழற்றக் கொல்லன் உண்டு. இன்னார் திறக்கலாம் என ஆணையிட நீதிமன்றம் உண்டு. கொல்லனும் நீதிமன்றமும் திறக்க இயலாத ஒரு பெட்டகம் இன்று பலருடைய கைபேசியில் இருக்கிறது. அதுவே உரிமையாளர் தாமே காவல் செய்யும் கிரிப்டோ பணப்பை. அதைச் சாதாரண மக்களும் பிழையின்றிக் கையாளும்படி அமைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பணப்பைக்குள் இருப்பது யாது?

பணப்பை என்னும் பெயர் சற்று மயக்கம் தருவது. அதற்குள் நாணயம் எதுவும் இல்லை. 2009-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் முதலியவற்றில், யாருக்கு எவ்வளவு உரியது என்னும் கணக்கு ஒரு பொதுப் பேரேட்டில் எழுதப்படுகிறது. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் உள்ளன. பணப்பை காப்பது ஓர் இரகசிய எண்ணை மட்டுமே. அவ்வெண்ணைக் கொண்டு கையொப்பமிட்டால்தான் பேரேட்டில் பற்று எழுதப்படும். இரகசிய எண்ணிலிருந்து பொது முகவரியைக் கணித்தல் எளிது; முகவரியிலிருந்து இரகசிய எண்ணைக் கண்டுபிடித்தல் நடைமுறையில் இயலாது. இந்த இரகசிய எண்ணையே சாவி என்கிறோம்.

சாவியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஒரு முறை. தாமே வைத்துக்கொள்வது மற்றொரு முறை. முதல் முறையின் அபாயத்தை இந்திய மக்கள் 2024-ம் ஆண்டு ஜூலை 18-ம் தேதி கண்டனர். அன்று வாசிர்எக்ஸ் என்னும் பரிவர்த்தனை நிறுவனத்தின் பணப்பையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து களவு போயிற்று. சாவிகள் தம்மிடம் இல்லாத எண்ணற்ற வாடிக்கையாளர்கள் தங்கள் இருப்பை எடுக்கவியலாமல் தவித்தனர். வங்கி வைப்புகளுக்கு உள்ள காப்புறுதி இத்தகைய சொத்துக்களுக்கு இல்லை. ரிசர்வ் வங்கி வெளியிடும் டிஜிட்டல் ரூபாய் இதனின்றும் வேறானது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அத்தாட்சியால் சாவி திரும்புமா?

தம் சாவியைத் தாமே காத்தல் நன்று எனத் தோன்றும். ஆயினும் அதில் ஒரு பெரும் இடுக்கண் உண்டு. வங்கிப் புத்தகம் தொலைந்தால் நாம் ஆதார் அட்டையோடு வங்கிக்குச் செல்கிறோம். அலுவலர் நம்மை இன்னார் என அறிந்து வேறு புத்தகம் தருகிறார். இப்பழக்கம் நம் உள்ளத்தில் ஊறியது. ஆகவே அடையாள அத்தாட்சி கேட்கும் பணப்பைச் செயலியிலும், “என் பெயரும் முகமும் பதிவாகியுள்ளன, சாவி தொலைந்தால் அவற்றைக் காட்டி மீட்டுக்கொள்வேன்” என்று மக்கள் நம்புவது இயல்பே. இந்நம்பிக்கை தவறானது. பேரேடு பெயரை அறியாது. கையொப்பத்தை மட்டுமே அறியும்.

அமெரிக்காவில் வாழும் நிரலாளர் ஒருவர் 7,002 பிட்காயின்களின் சாவியை ஒரு சிறு சேமிப்புக் கருவியில் பூட்டி வைத்தார்; அதன் கடவுச்சொல்லை மறந்தார். பத்து முறை தவறினால் அக்கருவி தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். அவர் எட்டு முறை முயன்று தவறிய செய்தி 2021-ம் ஆண்டில் வெளிவந்தது. அவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த அத்தாட்சி அவருக்குப் பயன்படவில்லை.

அப்படியாயின் அடையாளச் சோதனை எதற்கு? அது சட்டத்தின் பொருட்டு. கிரிப்டோ சொத்தை மாற்றுதல், அனுப்புதல், பிறர்க்காகக் காத்தல் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்வோர் 2023-ம் ஆண்டு மார்ச் 7-ம் தேதிய அறிவிக்கையினால் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆகவே ரூபாயைக் கொடுத்து இச்சொத்தை வாங்கும் வாயிலில் வாடிக்கையாளர் யார் என்பதைச் சோதித்தே ஆகவேண்டும்.

நல்ல செயலி இவ்விரண்டையும் கலக்காது. சாவி உண்டாக்கும் திரை வேறு, அடையாளம் கேட்கும் திரை வேறு என வண்ணத்தாலும் சொல்லாலும் பிரித்துக் காட்டும். “இந்த அத்தாட்சியால் உங்கள் சாவியை மீட்க இயலாது” என்னும் வாக்கியத்தை அடையாளம் கேட்கும் இடத்திலேயே எழுதி வைக்கும். கேட்கும் விவரமும் தேவைக்கு மிஞ்சலாகாது. ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதார் முறை உண்டு. வயது 18 நிரம்பியதை மட்டும் மெய்ப்பித்துப் பிறந்த தேதியை மறைக்கும் மின்னணுச் சான்றுகளும் அமைக்கக்கூடியவை. பேரேட்டில் எழுதியதை அழிக்க முடியாதாகையால், எவருடைய அடையாள விவரமும் அங்கே எழுதப்படலாகாது.

பன்னிரண்டு சொற்கள்

நீண்ட எண்ணை மனிதர் பிழையின்றி எழுதி வைத்தல் கடினம். ஆதலால் 2013-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒரு முறைப்படி, சாவிக்கு மூலமான எண் 12 சொற்களாக மாற்றப்படுகிறது. பட்டியலில் 2,048 சொற்கள் உள்ளன. 2,048 என்பது 2-ன் 11-ம் அடுக்கு. எனவே 12 சொற்கள் 132 ஈரிலக்கங்களைக் குறிக்கும். அவற்றுள் 128 குலுக்கல் முறையில் அமைந்தவை. எஞ்சிய 4 பிழை கண்டறிவதற்கானவை. இவ்வாறு அமையக்கூடிய சாவிகளின் தொகை 34-ன்பின் 37 பூஜ்யங்கள் இட்டால் கிடைக்கும் எண்ணை ஒக்கும். ஊகித்துக் கண்டுபிடிக்க ஒருவராலும் ஆகாது.

இங்கே தமிழர்க்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அம்முறையின் ஏற்கப்பட்ட பட்டியல்களில் ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்பானியம் முதலியவை உள, தமிழ் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதி வைத்தவர், ஓராண்டு கழித்து அதன் எழுத்துக்கோவையை மறந்திருக்கலாம். சொற்களின் வரிசை மாறினாலும் சாவி கைகூடாது. ஆகையால் செயலி விளக்கத்தைத் தமிழிலும் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்திலும் வரிசை எண்ணோடு காட்டவேண்டும். காகிதத்தில் எழுதிய பின்னர் சில சொற்களைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கவேண்டும்.

பயன்படுத்துவோரின் திறமையை மிகையாக மதித்தல் இத்துறையின் பழைய பிழை. 1999-ம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பரிசோதனையில், 12 பேரிடம் இரகசிய மடல் அனுப்பும் மென்பொருள் ஒன்று தரப்பட்டது. 90 நிமிட அவகாசத்தில் மடலைக் கையொப்பமிட்டு மறைத்து அனுப்பும் பணியைப் பெரும்பாலோர் சரிவர முடிக்கவில்லை. கணிதம் பழுதற்றதாக இருந்தது. திரைதான் மனிதர்க்கு விளங்கவில்லை.

மறதிக்கு ஒரு மருந்து

கருவூலத்தின் இரட்டைப் பூட்டு அரசு அலுவலர்க்குப் புதிதன்று. இரு சாவிகள் இருவரிடம் இருக்கும். ஒருவர் தனித்துத் திறக்க இயலாது. ஆனால் ஒரு சாவி தொலைந்தாலும் இடர்ப்பாடுதான். மூன்று பங்குகளில் எவையேனும் இரண்டு போதும் என்னும் ஏற்பாடு இக்குறையை நீக்கும். இதற்கான வழியை ஆதி ஷமீர் என்னும் கணித அறிஞர் 1979-ல் வெளியிட்டார்.

அதை வரைபடத் தாளில் மாணவர்க்குக் காட்டலாம். காக்கவேண்டிய இரகசியம் 7 எனக் கொள்வோம். செங்குத்து அச்சை 7-ல் வெட்டும் ஒரு நேர்கோட்டை வரைவோம். ஒவ்வோர் அடிக்கும் 3 உயரட்டும். அக்கோட்டின்மீது (1, 10), (2, 13), (3, 16) ஆகிய மூன்று புள்ளிகளை மூவரிடம் கொடுப்போம். ஒரு புள்ளியின் வழியே எண்ணற்ற கோடுகள் செல்லுமாதலால் ஒருவர் மட்டும் எதையும் அறியார். எவரேனும் இருவர் சேர்ந்தால் கோடு ஒன்றே அமையும். அது அச்சை வெட்டுமிடத்தில் 7 வெளிப்படும். மெய்யான பயன்பாட்டில், பெரிய பகா எண்ணால் வகுத்து மீதி காணும் கணக்கு போன்றவை இக்கோட்டின் இடத்தில் அமையும்.

செயலி இம்முறையைக் கையாண்டு, ஒரு பங்கை மனைவி அல்லது கணவரிடமும், ஒன்றை உடன்பிறந்தாரிடமும், ஒன்றை வங்கிப் பெட்டகத்திலும் வைக்க வழிகாட்டலாம். கைபேசி தொலைந்தாலும், உரிமையாளரே காலமானாலும் குடும்பத்தார் கைவிடப்படமாட்டார். அத்தாட்சி செய்ய இயலாததை நம்பகமான உறவினர் செய்வர்.

திரையில் காண்பதும் கையொப்பமாவதும்

சாவிகள் பலவாயினும் திரை பொய்யுரைத்தால் பயனில்லை. மேற்கூறிய 2024-ம் ஆண்டுக் களவில் அந்தப் பணப்பைக்கு ஆறு கையொப்பதாரர்கள் இருந்தனர். எனினும் திரையில் காட்டப்பட்ட விவரமும் உண்மையில் கையொப்பமான விவரமும் வேறுபட்டிருந்தன என அந்நிறுவனம் விளக்கியது. எனவே, “இவ்வளவு தொகை, இந்த முகவரிக்கு, இந்தக் கட்டணத்துடன் செல்கிறது, இதைத் திருப்பிப் பெற இயலாது” என்று எளிய தமிழில், கையொப்பமாகும் விவரத்திலிருந்தே எடுத்துக் காட்டுவது செயலியின் தலையாய கடமை. முகவரியின் தொடக்கமும் முடிவும் மட்டும் ஒத்திருக்கும் போலி முகவரிகளை வஞ்சகர் அமைக்கின்றனர். ஆதலால் முழு முகவரியையும் ஒப்பிட்டுச் சேமித்து, முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்த்தல் நன்று.

ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும்

இத்துறையில் பயிற்சி தரும் கேரள பிளாக்செயின் அகாடமி 2017-ல் திருவனந்தபுரத்திலேயே தொடங்கப்பட்டது. ஆயினும் கிராம மக்கள் ஐயம் கேட்பது நிபுணரிடமன்று. பள்ளி ஆசிரியரிடமும் தங்கள் ஊருக்கு வரும் அலுவலரிடமுமே. இச்சொத்தை வாங்குக என்றோ வேண்டா என்றோ கூறுதல் நம் பணியன்று. இந்தியாவில் இது சட்டபூர்வ நாணயம் அன்று, விலை ஏறியிறங்கும், 2022 முதல் இதன் இலாபத்தின்மீது 30 சதவீத வரி உண்டு. இவற்றை உரைத்தபின் முக்கியமான ஒன்றையும் சொல்லவேண்டும்.

“உங்கள் அடையாளச் சோதனை காலாவதியாகிவிட்டது; பன்னிரண்டு சொற்களைக் கூறுங்கள்” என்று தொலைபேசியில் ஒருவர் கேட்கலாம். அவர் கேட்பது அத்தாட்சியன்று, சாவி. அத்தாட்சியைச் சோதிக்கும் எவருக்கும் அச்சொற்கள் தேவைப்படா. ஆகவே அவற்றைக் கேட்பவர், எந்தப் பெயரில் வந்தாலும், கள்வரே. இந்த ஒரு வேறுபாட்டை மக்கள் உணருமாறு செய்தால், அவர்களது உழைப்பின் பயன் அவர்கள் கையிலேயே நிலைக்கும்.